ஓர் அங்குலம்! எந்த அங்குலம்?

"தொழில் தெரியாதவன் பைப்பைத் தொட்டா இப்படித்தான் ஆகும்!"

உரத்த குரல். முதலாளியின் குரல். கேட்டுத் தலை குனிந்து நின்றவர், முப்பது ஆண்டுகளாகக் குழாய் வேலையே வாழ்வென்று வாழ்ந்துவரும் நம் தோழர் ஒருவர். காலடியிலே தண்ணீர். கையிலே பைப் ரெஞ்சு. கண்ணிலே... சொல்லவும் வேண்டுமா?

இடம், சென்னைக் கொளத்தூர். வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பேர் போன இடம். தெருவுக்குத் தெரு கடை, கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குத் தொட்டி வண்ணக் கோலம்! அந்தப் பக்கம் கூட்டமொன்றிலே பேசப் போயிருந்த நான், மறுநாள் காலையிலே தோழரைக் கண்டு வரலாமென்று அவர் வேலை பார்க்கும் கடைக்குச் சென்றேன். சென்ற நேரம், அந்த நேரம்.

நடந்தது இதுதான். கீழ்த்தொட்டியிலே வடிகட்டிய நீரை மேல்தொட்டிக்கு ஏற்ற, அமெரிக்க நாட்டு மோட்டார் ஒன்றைக் கைப்பேசியிலே படம் பார்த்து வரவழைத்தார் முதலாளி. கெட்டிக்காரர் அவர். அமெரிக்க மின்சாரம் வேறு, நம்மூர் மின்சாரம் வேறு என்பதை அறிந்தவர். 230 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என உற்றுப் பார்த்துத்தான் வாங்கினார். மோட்டாரின் வாயிலே '1 அங்குலம்' என்றிருந்தது. கடைத்தெருவுக்குப் போய், '1 அங்குலம்' என்று கேட்டு, மரை போட்ட இணைப்பொன்றும் வாங்கி வந்தார். "அங்கேயும் ஓர் அங்குலம், இங்கேயும் ஓர் அங்குலம். மாட்டு!" என்றார்.

மாட்டினார் தோழர். கையால் திருகினார். இரண்டு சுற்றுப் போயிற்று, நின்றது. "முதலாளி, சேரமாட்டேங்குது" என்றார். "ரெஞ்சு எதுக்கு இருக்கு? அழுத்தித் திருகு!" என்று பிறந்தது ஆணை. டேப்பைச் சுற்றினார், ரெஞ்சைப் போட்டார், திருகினார். ஏறியதுபோலத்தான் இருந்தது. அன்று மாலை சொட்டு இல்லை. ஆகவே திட்டும் இல்லை.

நள்ளிரவிலே மோட்டாரின் பிளாஸ்டிக் வாய் பிளந்தது. கீழ்த்தொட்டி நீர் முழுதும் தரையிலே! நீரின்றி ஓடிய மோட்டார் சூடேறிக் கெட்டது. நீரோட்டம் நின்ற மேல்தொட்டியிலே மூச்சுத் திணறிய டிஸ்கஸ் மீன்கள் சில, பொழுது விடியுமுன் செத்து மிதந்தன. பொழுது விடிந்ததும் வந்தது தீர்ப்பு: மூன்று நாள் கூலி பிடித்தம்!

மீன் மாண்டது, வருந்துகிறேன். மோட்டார் கெட்டது, முதலாளிக்கு நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, கேட்கிறேன்: குற்றவாளி யார்? சேரமாட்டேன் என்று மரை சொன்ன செய்தியை அப்படியே எடுத்துச் சொன்ன தோழரா? அல்லது ஒரே பெயரைச் சூடிக்கொண்டு, ஊருக்கு ஓர் உருவமாய் உலவுகிறதே, அந்த 'ஓர் அங்குலமா'?

வாருங்கள், அங்குலத்தைக் கூண்டிலே ஏற்றுவோம்.

கூண்டிலே அங்குலம்

தோழரை அழைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஹார்டுவேர்க் கடைக்குப் போனேன். "ஓர் அங்குலப் பைப்பு ஒரு துண்டு கொடு தம்பி" என்றேன். கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எந்த ஓர் அங்குலம் சார்?" என்றான்.

பாருங்கள் விந்தையை! முதலாளிக்குத் தோன்றாத கேள்வி, மூட்டை தூக்கும் பையனுக்குத் தோன்றுகிறது. நாள்தோறும் பொருளைத் தொடுகிறவனுக்குப் பெயரிலே மயக்கம் இருப்பதில்லை.

மூன்று துண்டுகளை எடுத்து வைத்தான். சாம்பல் நிறம் ஒன்று, வயல்வெளிகளிலே பார்ப்போமே, அந்தக் குழாய். வெள்ளை நிறம் ஒன்று, வீடுகளுக்குப் போடுகிற யு.பி.வி.சி. மூன்றாவது வெளிர் மஞ்சள், வெந்நீருக்குப் போடுகிற சி.பி.வி.சி. மூன்றுக்கும் பெயர் ஓர் அங்குலம்! தோழர் தம் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். அளந்தார். சாம்பல் குழாயின் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர். வெள்ளைக் குழாய் 33.4. மஞ்சள் குழாய் 28.6.

மூன்று பேர், மூன்று உடம்பு, ஒரே பெயர்! சரி, உண்மையான அங்குலம் எவ்வளவு? அமெரிக்காவும் பிரிட்டனும் மற்றுஞ் சில நாடுகளும் 1959 ஆம் ஆண்டிலே கூடிப் பேசி, ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர், அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை என்று முடிவு கட்டின. மூன்று துண்டிலே ஒன்றாவது 25.4 காட்டுகிறதா? இல்லை! ஓர் அங்குலக் குழாயிலே ஓர் அங்குலத்தைக் காணோம்!

"அப்படியானால் மில்லிமீட்டரிலே கேட்டு வாங்கிவிட்டால் போயிற்று" என்பீர்கள். கேட்டுப் பாருங்கள். '25 மில்லிமீட்டர்' என்று கேட்டால், சாம்பல் நிறத்திலே வருவது வெளிவிட்டம் 25 உள்ள குழாய். அதை முக்கால் அங்குலம் என்பார்கள். வெள்ளையிலே 25 என்று கேட்டால் கிடைப்பது 33.4. மஞ்சளிலே 25 என்றால் 28.6. ஜப்பானியர் வகுத்த தரத்திலே 25 என்று பெயர் பூண்ட குழாயின் வெளிவிட்டம் 32! அங்குலம் ஏமாற்றியது பழைய கதை. மில்லிமீட்டர் வேடம் புனைந்தும் அதே நாடகம் நடக்கிறது.

ஏன் இப்படி? எவனோ ஒருவன் ஏமாற்ற வேண்டுமென்று திட்டமிட்டுச் செய்ததா? இல்லை, இதற்கொரு வரலாறு இருக்கிறது. இரும்புக் குழாய் தோன்றிய நாளிலே, உள்ளே நீர் ஓடும் துளையின் அளவைத்தான் பெயராக வைத்தார்கள். துளை ஓர் அங்குலம், ஆகவே பெயரும் ஓர் அங்குலம். நேர்மையான பெயர்தான் அன்று. இரும்பு அன்று தடிப்பு. ஆகவே வெளிவிட்டம் ஓர் அங்குலத்தைவிடப் பெரிது. பின்னாளிலே உருக்கும் தொழில் நுட்பமும் வளர்ந்தன, சுவர் மெலிந்தது. வெளிப்புறத்தைக் குறைத்தால் முன்பு செய்த மரைகளெல்லாம் வீணாகும் அல்லவா? ஆகவே வெளியை விட்டுவைத்து உள்ளே குடைந்தார்கள். துளை பெருத்தது, பெயர் மட்டும் பழையபடி நின்றது. பிளாஸ்டிக் குழாய் வந்தபோது, சில நாடுகள் அந்த இரும்பு அளவையே பிளாஸ்டிக்குக்கும் உடுத்தின. அதுதான் 33.4. ஐரோப்பியர் வெளிவிட்டத்தையே பெயராக வைத்தார்கள். அதுதான் 32, நம் நாட்டு ஐ.எஸ். 4985 தரமும் அவ்வழியே சென்றது. வெந்நீர்க் குழாய்க்காரர்கள் செப்புக் குழாயின் அளவைப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் 28.6.

ஆக, பெயர் என்பது பாட்டன் வைத்தது. அளவு என்பது பேரன் கொண்டது. பெயரைக் கேட்டு வாங்குகிறவர் பாட்டனைத் தேடிப் போகிறார். பொருத்துகிறவரோ பேரனோடு மல்லுக்கு நிற்கிறார்!

பதினொன்றும் பதினொன்றரையும்

தோழரின் மரை ஏன் இரண்டு சுற்றிலே நின்றது? அதற்கும் ஒரு கதை உண்டு. கதாநாயகன் ஒரு தொழிலாளி என்பதால் நம் காதுக்கு இனிக்கும்.

ஜோசப் விட்வொர்த். இங்கிலாந்திலே 1803 இல் பிறந்தவர். இலண்டனிலே ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையிலே வேலை பார்த்தவர். அந்நாளிலே பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒரு பட்டறை நட்டு, மறு பட்டறை போல்ட்டிலே ஏறாது. விட்வொர்த் நாட்டின் பல பட்டறைகளிலே புழங்கிய திருகுகளைத் திரட்டினார், அளந்தார், எல்லாவற்றுக்கும் நடுவான ஓர் அளவை வகுத்து 1841 ஆம் ஆண்டிலே முன்வைத்தார். மரையின் பல் 55 பாகைக் கோணம், உச்சியும் அடியும் உருண்டை. பிரிட்டிஷ் குழாய் மரை அந்த அச்சிலே வார்த்தது. பிரிட்டிஷார் ஆண்ட நாட்டுக்கெல்லாம் அது போயிற்று. நமக்கும் வந்தது. இன்றும் நம் கடைத்தெருவிலே பி.எஸ்.பி. என்ற பெயரிலே வாழ்கிறது.

அமெரிக்கர் வேறு வழி போனார்கள். வில்லியம் செல்லர்ஸ் என்பார் 1864 இல் பிலடெல்பியாவிலே, 55 பாகையைச் செய்வதும் சரிபார்ப்பதும் கடினம், 60 பாகை எளிது, உச்சியைத் தட்டையாக்கினால் இன்னும் எளிது என்றார். அவர்கள் நாட்டுக் குழாய் மரையை வகுத்தவர் ராபர்ட் பிரிக்ஸ். அதுவும் 60 பாகைதான். அதன் பெயர் என்.பி.டி.

இரண்டாம் உலகப் போரிலே ஒரே அணியிலே நின்ற பிரிட்டனும் அமெரிக்காவும், ஒருவர் திருகு மற்றவர் பொறியிலே ஏறாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல. பட்ட பிறகு வந்தது அறிவு. 1948 இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் போல்ட்டுக்கும் நட்டுக்கும் ஒரே மரை என்று உடன்பாடு கண்டன. ஆனால் குழாய் மரை மட்டும் அந்தச் சமரசத்திலே சேரவில்லை. அன்று அவர்கள் முடிக்காமல் விட்ட வேலையின் பாக்கியை, இன்று கொளத்தூரிலே ஒரு கூலித் தொழிலாளி கட்டுகிறார்!

கணக்கைப் பாருங்கள். ஓர் அங்குலக் குழாயிலே பிரிட்டிஷ் மரைக்கு அங்குல நீளத்துக்கு 11 பல். அமெரிக்க மரைக்கு 11½ பல். வாய் அகலம் ஏறக்குறைய ஒன்று, ஆகவே நுழைகிறது. முதல் சுற்றிலே சிரிக்கிறது, இரண்டாம் சுற்றிலே முறைக்கிறது, அதற்கு மேலே பல்லின்மீது பல் ஏறிக் கடிக்கிறது. சரியான மரையாக இருந்தால் கையாலேயே நான்கு சுற்றாவது போகும். இரண்டிலே நின்றால், அது மரை கூறும் மறுப்புரை. அந்த மறுப்பை ரெஞ்சால் அடக்கலாம், மாற்ற முடியாது.

அரை அங்குலம், முக்கால் அங்குலம் இரண்டும் இன்னும் பொல்லாதவை. இரு நாட்டு மரைக்கும் அங்கே 14 பல். சிரித்த முகமாய் உள்ளே போகும். ஆனால் கோணம் வேறு, உச்சியின் உருவம் வேறு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே திருகு வழியாகவே ஓர் இடைவெளி ஓடும். அந்த வழியிலே தண்ணீர் கசிந்துகொண்டேயிருக்கும். முட்டிக்கொண்டு நின்றதே ஓர் அங்குலம், அது வெளிப்படையான பகைவன். அணைத்துக்கொண்டு கசிகிறதே அரை அங்குலம், அதைத்தான் ஐயுற வேண்டும்.

இணைப்பது எப்படி?

அளவு வேறானால் சேரவே முடியாதா? முடியும். அதற்குத்தான் மாற்றி, கடைமொழியிலே அடாப்டர். ஒரு முகத்திலே அவர்கள் அளவு, மறு முகத்திலே நம் அளவு. அவரை இவராக மாற்றவும் வேண்டா, இவரை அவராக வளைக்கவும் வேண்டா. நடுவிலே நிற்கும் சின்னஞ்சிறு பொருள், இருவர் மொழியும் அறிந்த தூதன்போல் வேலையை முடிக்கும்.

ஆனால் தூதனை அனுப்புமுன் இருபுறமும் யார் என்று தெரிய வேண்டாமா? ஆகவே முதல் வேலை அளப்பது. வெர்னியர் இல்லையா? ஒரு நூல் போதும். குழாயைச் சுற்றி நூலை ஒரு முறை ஓட்டி, அந்த நீளத்தை அளவுகோலிலே வையுங்கள். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் என்றால் அது 32 மில்லிமீட்டர்க் குழாய். 10½ என்றால் 33.4. ஒன்பதுக்கு ஒரு முடி குறைவென்றால் 28.6. தையற்காரர் டேப்பு ஒன்று பையிலே கிடந்தால் போதும், எந்த அங்குலமும் நம்மிடம் வாலாட்டாது.

பசை வைத்து ஒட்டும் இடத்திலே நம்மவர் செய்யும் தவறொன்று உண்டு, சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. 33.4 சாக்கெட்டிலே 32 குழாயை விட்டால் லொடலொடவென்று ஆடும். "சொல்யூஷனை அப்பிவிடு" என்பார்கள். தோழர்களே, சொல்யூஷன் என்பது ஓட்டையை அடைக்கும் சாந்து அன்று. இரு பிளாஸ்டிக்கின் தோலையும் இளக்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர வைப்பதே அதன் வேலை. தோலும் தோலும் தொட்டால்தான் சேரும். நடுவே இடைவெளி இருந்தால் எத்தனை டப்பா ஊற்றினாலும் வீண். அதுபோலவே, 33.4 குழாயை உப்புத்தாள் கொண்டு தேய்த்து 32 சாக்கெட்டிலே திணிப்பதும் தவறு. கையால் தேய்த்த வட்டம் வட்டமாயிராது. இன்று நுழையும், நாளை கசியும்.

எளிய வழி, ஓஸ். மோட்டார் பக்கம் மோட்டாருக்கு ஏற்ற நிப்பிள், குழாய்ப் பக்கம் குழாய்க்கு ஏற்ற நிப்பிள், நடுவே நெகிழும் ஓஸ், இரு முனையிலும் கிளிப். கடினமான இரண்டு பேருக்கு நடுவே வளைந்து கொடுக்கும் ஒருவர்! மோட்டாரின் அதிர்வையும் அது வாங்கிக்கொள்ளும். ஓஸிலும் அளவு பார்க்க வேண்டும். ஜெர்மனி நாட்டு வடிகட்டிகளிலே 12/16, 16/22 என்று எழுதியிருக்கும். முன்னது உள்விட்டம், பின்னது வெளிவிட்டம், இரண்டும் மில்லிமீட்டர். அமெரிக்க அரை அங்குல ஓஸின் உள்விட்டம் 12.7. ஆகவே 12 ஓஸுக்காகச் செய்த முனையிலே அது தளர்ந்து உட்காரும். ஐந்தெட்டு அங்குல ஓஸ் 15.9, அது 16 ஓஸின் இடத்திலே கச்சிதமாய் அமரும். ஏற மறுத்தால் முனையை வெந்நீரிலே சற்று நனையுங்கள், நெகிழ்ந்து கொடுக்கும்.

மாற்றி கடையிலே கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது லேத் பட்டறை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்குமுன் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, பித்தளை. "பிளாஸ்டிக்தானே உடைகிறது? பித்தளை மாற்றி போடு" என்று தோன்றும். பித்தளையிலே செம்பு இருக்கிறது. உப்புநீர்த் தொட்டியிலே அது அரிக்கும், செம்பு நீரிலே கலக்கும். இறாலுக்கும் நத்தைக்கும் பவளப் பூச்சிக்கும் செம்பு, மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. கசிவு நின்றுவிடும், உயிரும் நின்றுவிடும்! ஆகவே மீன் தொட்டியிலே பிளாஸ்டிக்கே துணை.

மற்றொன்று, குறுக்குவது. பொருந்தவில்லையென்று ரெட்யூசர்மேல் ரெட்யூசர் போட்டுச் சின்னக் குழாயிலே கொண்டுபோய் முடிப்பார்கள். துளையின் விட்டம் பாதியானால் பரப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். மோட்டார் உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் குறுக்காதீர்கள், அது மூச்சுக்குழாய். மேல்தொட்டியிலிருந்து நீர் வழிந்து இறங்கும் குழாயை ஒருபோதும் குறுக்காதீர்கள். ஏறுவது அதிகம், இறங்குவது குறைவு என்றால் மிச்சம் எங்கே போகும்? வீட்டுக்காரர் கூடத்துக்குத்தான் போகும்!

இன்னொரு கணக்கும் சொல்லி வைக்கிறேன். இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீரேற்றினால், அடியிலே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம்தான். இதைத் தாங்கக் கை இறுக்கமும், அதற்கு மேல் ஓரிரு சுற்றும், அளவாய்ச் சுற்றிய டேப்பும் போதும். பிளாஸ்டிக் வாயிலே ரெஞ்சின் முழு பலத்தைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. "அழுத்தித் திருகு" என்ற ஆணை இருக்கிறதே, அது நீரின் அழுத்தத்துக்குச் சொன்ன விடையன்று. அளக்காமல் வாங்கியவரின் அவசரம் அது!

மீன் தொட்டிதானே என்பீரோ?

"நாட்டிலே எத்தனையோ இருக்க, மீன் தொட்டிக் குழாய்க்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு நகரத்தின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலே பால்டிமோர் என்றொரு துறைமுக நகரம். 1904 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தீப் பிடித்தது. காற்று வீசியது. வாஷிங்டனுக்குச் செய்தி பறந்தது. இரயிலேறி வந்தார்கள் தீயணைப்பு வீரர்கள். பிலடெல்பியாவிலிருந்து வந்தார்கள், நியூயார்க்கிலிருந்து வந்தார்கள். வீரம் இருந்தது, இயந்திரம் இருந்தது, தெருக் குழாயிலே தண்ணீரும் இருந்தது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த ஓஸ்களிலே பல, பால்டிமோர்க் குழாயின் வாயிலே சேரவில்லை! மரை வேறு, அளவு வேறு. கையிலே ஓஸ், கண்ணெதிரே நெருப்பு, நடுவே பொருந்தாத மரை! தீ 30 மணி நேரம் எரிந்தது. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. பின்னர் கணக்கெடுத்தபோது, அந்த நாட்டிலே தீயணைப்பு ஓஸ் இணைப்புகள் 600க்கு மேற்பட்ட வகையிலே இருந்தது தெரிந்தது. அதன் பிறகே, தீயணைக்கும் குழாய்க்கு நாடு முழுதும் ஒரே இணைப்பு வேண்டுமென்ற தீர்மானம் பிறந்தது.

அங்கே ஒரு நகரம், இங்கே ஒரு தொட்டி. அளவிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு, மறுக்கவில்லை. ஆனால் காரணம் ஒன்றுதான்: பொருந்தும் என்று எண்ணிக்கொள்வது, பொருந்துமா என்று பார்க்காமல் விடுவது! பால்டிமோரிலே தீயணைப்பு வீரர்களைக் கூப்பிட்டு, "உனக்குத் தொழில் தெரியாது" என்று யாரும் கூலி பிடிக்கவில்லை. இணைப்பிலேதான் குற்றம் என்று ஊரறிய ஒப்பினார்கள். கொளத்தூர்த் தோழருக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

கேட்பது என்ன?

விற்பவர்களைக் கேட்கிறோம்: குழாயிலும் இணைப்பிலும் மோட்டார்ப் பெட்டியிலும், வெளிவிட்டம் இத்தனை மில்லிமீட்டர், மரை இன்ன வகை என்று தெளிவாய், தமிழிலும் அச்சிடுங்கள். 'ஓர் அங்குலம்' என்ற பட்டப்பெயர் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்திலே உண்மை அளவும் நிற்கட்டும். மெட்ரிக் அளவுக்கு இந்த நாட்டிலே சட்டம் வந்த ஆண்டு 1956. இத்தனை காலம் கழித்தும், ஒரு துண்டுக் குழாயின் உண்மை அளவை அறிய நூல் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறதே, இது முறையா?

முதலாளிகளைக் கேட்கிறோம்: வெளிநாட்டுப் பொருளை வாங்குமுன், அதைப் பொருத்தப் போகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். வோல்ட் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மரை பார்க்கவும் தெரியட்டும். மாற்றிக்கு ஆகும் செலவைக் கணக்கிலே சேருங்கள். "சேரமாட்டேன் என்கிறது" என்று தொழிலாளி சொன்னால், அது சோம்பல் அன்று, அளவை முடிவு என்று கொள்ளுங்கள்.

கூலியைப் பிடிக்கும் கைக்கு ஒன்று சொல்கிறோம்: பொருள் கெட்டதென்று நினைத்தபடி கூலியைப் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1936 ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் தொட்டு, 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வரை ஒரே நெறிதான். இழப்பு, தொழிலாளியின் அசட்டையாலோ தவறாலோ நேர்ந்ததாக இருக்க வேண்டும். பிடிக்குமுன் அவர் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நம் தோழர் விளக்கத்தை நட்டம் வருமுன்பே சொன்னார்! கேட்கத்தான் ஆளில்லை.

தோழர்களுக்கும் சொல்கிறேன்: பெயரை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். மரை மறுத்தால் நிறுத்துங்கள். நிறுத்தியதை, நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். வெர்னியர் ஒருவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் நால்வர் சேர்ந்து வாங்குங்கள். அளவு தெரிந்தவனை அதட்டுவது கடினம்.

நனையாத ஏடு

கதையை முடிக்க வேண்டுமே! மோட்டாரின் உடைந்த கூட்டுக்குப் புதுக் கூடு வந்தது. அதே அமெரிக்க மரைதான். இம்முறை தோழர் அதை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு நடந்தார். நானும் உடன் போனேன். பழைய லேத்து, பழகிய கை. "பதினொன்றரை மரை வேணும் அண்ணே" என்றார் தோழர். பட்டறைக்காரர் சிரித்தார். கியர்ப் பெட்டியின் தகட்டிலே எண்ணெய் படிந்த எண்களைத் துடைத்துக் காட்டினார். 11½, அங்கேயே இருந்தது! "இத்தனை வருஷமா இருக்குது. கேக்கத்தான் ஆளு வரல" என்றார். வெள்ளைப் பிளாஸ்டிக் தண்டு ஒன்றிலே, ஒரு முனைக்கு 16க்கு 1 என்ற சரிவோடு அமெரிக்க மரை, மறு முனைக்கு நம் 32 சாக்கெட்டிலே அமரும் வெறும் குழாய். ஒரு மணி நேரத்திலே தூதன் பிறந்துவிட்டான்!

கையால் திருகினார் தோழர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... நிற்காமல் போயிற்று. முகத்திலே, முப்பது ஆண்டுத் தொழிலின் பெருமிதம். ஒரு நாள் முழுதும் பசை காய விட்டார். பிறகு மோட்டாரை ஓட்டிவிட்டு, இணைப்பின் அடியிலே நம் ஏட்டை விரித்து வைத்தார். "ராத்திரி ஒரு சொட்டு விழுந்தாலும் காலையில காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

காலையிலே போய்ப் பார்த்தேன். ஏடு காய்ந்து கிடந்தது. ஓர் எழுத்தும் நனையவில்லை. மேல்தொட்டியிலே மீன்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

குழாய் பொருந்திவிட்டது. பிடித்த மூன்று நாள் கூலி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. இந்த ஏடு அந்தக் கடைக்குத் தவறாமல் போகிறது. முதலாளியும் படிக்கிறார் என்று கேள்வி. படிக்கட்டும்!